அமைச்சர் வந்து போன மறுநாள்

அமைச்சர் வருகிறார் என்ற தகவல் ஊராட்சி அலுவலகத்துக்கு எட்டியதும் தலித் குடியிருப்பின் முகம் மாறத் தொடங்கும். மாதக்கணக்கில் எரியாத தெருவிளக்கு எரியும். சாக்கடை ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் கோடு விழும். குண்டும் குழியுமான பாதையில் ஒரு லோடு கிராவல் கொட்டிச் சமன் செய்வார்கள். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் 'கழுவிய நாள்' புதிதாக எழுதப்படும். பிறகு அமைச்சர் வருவார். சால்வை, ஆரத்தி, ஒரு வீட்டில் தேநீர், கை நிறைய மனுக்கள். சிறிது நேரத்தில் கார்கள் வரிசையாகப் புறப்பட்டுவிடும்.

இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் தாசில்தார் அலுவலகத்துக்குப் பத்து முறை நடந்து அலுத்தவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் பெரிய விஷயம். துறையின் தலைமையே தெருவில் வந்து நிற்கும்போது கேட்காமல் வேறு எப்போது கேட்பது? ஆகவே வருகை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. அமைச்சர் போன மறுநாள் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டின் வரலாற்றில் இதற்குச் சில பதில்கள் இருக்கின்றன.

வெண்மணிக்கு வந்த அமைச்சர்கள்

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். அப்போதைய முதல்வர் அண்ணா, பொதுப்பணித் துறை அமைச்சர் மு.கருணாநிதியையும் சட்ட அமைச்சர் மாதவனையும் அங்கே அனுப்பினார். நடவடிக்கை எடுப்பதாக உறுதி அளிக்கப்பட்டது.

அதன்பின் என்ன நடந்தது? கூலிப் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. மிராசுதாரர் நிலத்தில் குடிசை போட்டு, எந்த நேரமும் விரட்டப்படலாம் என்ற அச்சத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த மனையே சொந்தமாகும் வழியை அந்தச் சட்டம் திறந்தது. கொலை வழக்கு மட்டும் வேறு திசையில் போனது. நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை அளித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

வெண்மணி சொல்வது இதுதான்: ஆணையமாகவும் சட்டமாகவும் எழுத்தில் ஏறியவை பலன் தந்தன, கொல்லப்பட்டவர்களுக்கு நீதி கிடைக்கும் என்ற வாய்மொழி நம்பிக்கை நீதிமன்றத்தில் தோற்றது. அந்தச் சட்டங்களும் தானாக வரவில்லை. செங்கொடிச் சங்கத்தின் போராட்டம் முன்னே நடந்தது. அமைச்சர்களின் கார் பின்னே வந்தது.

வருகிறார் என்றதும் உடைந்த சுவர்

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை மறித்து நின்ற சுவர் பல ஆண்டுகளாக எல்லா அதிகாரிகளுக்கும் தெரிந்ததுதான். 2008 மே 7 அன்று மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பிரகாஷ் காரத் அங்கே வருவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. காரத் அமைச்சர் அல்ல, கட்சித் தலைவர். அவர் வருகிறார் என்ற செய்திக்கே அவ்வளவு வலு இருந்தது. அப்படியானால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் குறைவாக இருந்தது அதிகாரமா, அதைப் பயன்படுத்தும் மனமா?

பூஞ்சேரியில் ஒரு வாரம்

இதே கேள்வியைப் பூஞ்சேரி இன்னும் தெளிவாக எழுப்பியது. 2021 அக்டோபரில், மாமல்லபுரத்தில் உள்ள ஒரு கோயிலின் அன்னதானப் பந்தியிலிருந்து தன்னை எழுப்பி அனுப்பியதாக நரிக்குறவர் சமூகப் பெண் ஒருவர் பேசிய காணொலி பரவியது. அக்டோபர் 29-ல் அறநிலையத் துறை அமைச்சர் பி.கே.சேகர்பாபு அதே கோயிலில் அவருடன் அமர்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளி அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரி குடியிருப்புக்கே வந்து, நரிக்குறவர், இருளர் மக்களுக்கு ரூ.4.53 கோடி மதிப்பிலான பட்டா, சாதிச் சான்றிதழ் உள்ளிட்ட உதவிகளை வழங்கினார்.

ஒரு தலைமுறையாகக் கேட்டும் கிடைக்காத காகிதங்கள் ஒரு வாரத்தில் தயாராகின. நிலமும் சட்டமும் அலுவலகமும் முன்பு இருந்தவையே. 'ஆய்வில் உள்ளது' என்று பதில் வரும் ஒவ்வொரு குடியிருப்பும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

வருகையால் முடியாதவையும் உண்டு. நரிக்குறவர்கள் அப்போது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. எதை அமைச்சரிடம் கேட்கலாம், எதைக் கலெக்டரிடம் கேட்க வேண்டும், எதற்குச் சட்டமே மாற வேண்டும் என்று பிரித்துப் பார்த்துக் கேட்பது பாதி வேலையை முடித்துவிடும்.

வேங்கைவயல்: பார்த்ததும் முடியாததும்

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் 26-ல் தெரியவந்தது. மறுநாள் கலெக்டர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேவும் ஊருக்குள் வந்து மக்களிடம் நேரில் கேட்டார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பற்றி விசாரிக்க வந்த இடத்தில் டீக்கடையின் இரட்டைக் குவளையும், கோயிலுக்குள் போக முடியாத நிலையும் வெளிவந்தன. அன்றே அய்யனார் கோயிலுக்குள் மக்களை அதிகாரிகள் அழைத்துச் சென்றார்கள். தீண்டாமை தொடர்பாக வழக்குகள் பதிவாயின.

நேரில் வந்து கேட்டால் என்னென்ன வெளிவரும் என்பதற்கு அந்த ஒரு நாள் சாட்சி. அடுத்த நாட்களில் அமைச்சர்கள், கட்சித் தலைவர்கள், ஆணையங்கள் என்று பலர் வந்தார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த 3 பேரே குற்றவாளிகள் என்று குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதை அந்த மக்கள் ஏற்கவில்லை, போராடினார்கள். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற கணக்கு, நம்பத்தக்க விசாரணைக்கு ஈடாகாது.

வருவது சலுகை அல்ல

'அதிகாரிகள் எங்கள் தெருப் பக்கம் வந்ததே பெரிது' என்று பலர் நன்றியோடு சொல்வதைக் கேட்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ஐ ஒட்டிய 1995 விதிகளில் 12-வது விதியைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நடந்த இடத்துக்குக் கலெக்டரும் எஸ்.பி.யும் நேரில் போக வேண்டும். உயிரிழப்பையும் பொருள் இழப்பையும் மதிப்பிட வேண்டும். நிவாரணம் பெற வேண்டியவர்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். நிவாரணத்தை 7 நாட்களுக்குள் வழங்க வேண்டும்.

16-வது விதிப்படி முதல்வர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும். 17-வது விதிப்படி கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு 3 மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். தலித் அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமையைத் தவறவிட்டால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது சட்டத்தின் 4-வது பிரிவு. உங்கள் மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன தீர்மானித்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களில் பதில் தர வேண்டும். கல்லூரி மாணவர்கள் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

மனுவில் என்ன எழுதுவது?

'எங்கள் பகுதிக்கு அடிப்படை வசதி செய்து தரவும்' என்று எழுதிய மனுவுக்கு 'ஆவன செய்யப்படும்' என்றுதான் பதில் வரும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும்.

சுடுகாட்டுப் பாதை என்றால் சர்வே எண், பாதையின் நீளம், யாருடைய நிலத்தின் வழியாகப் போகிறது என்பதை எழுதுங்கள். தொகுப்பு வீடு இடிந்து விழுகிறது என்றால் எந்த ஆண்டில் கட்டியது, எத்தனை வீடுகள் என்று குறிப்பிட்டுப் படமும் இணையுங்கள்.

பட்டாவில் கூடுதல் கவனம் வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்துக் கொடுத்த பட்டா கையில் இருக்கும். கிராமக் கணக்கிலும் கணினியிலும் பெயர் ஏறியிருக்காது. சில ஊர்களில் பட்டா இருக்கும், இடத்தை அளந்து காட்டியிருக்க மாட்டார்கள். பட்டா இல்லாவிட்டால், ரூ.3.5 லட்சம் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கிடைக்காது. எனவே 'பட்டா வேண்டும்' என்பதும் 'அளந்து காட்ட வேண்டும்' என்பதும் 'கணக்கில் ஏற்ற வேண்டும்' என்பதும் மூன்று தனி மனுக்கள். கடைசி இரண்டையும் ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியிலும் கொடுக்கலாம்.

பணம் இல்லை என்ற பதில் வந்தால் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காக அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம், 5 ஆண்டுகளில் ரூ.1,000 கோடி என்று 2023-24 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான நிதியை அவர்களுக்கே செலவிட 2024-ல் மாநிலச் சட்டமும் வந்திருக்கிறது. இந்தத் திட்டத்தில் எங்கள் ஊர் சேர்ந்திருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, பெயர். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் பயன்பாட்டிலிருந்தும் நீக்கப்படும் என்று முதல்வர் 2025 ஏப்ரல் 29-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார். உங்கள் ஊரின் பெயர்ப் பலகையும் ரேஷன் அட்டையும் ஆதாரும் இன்னும் அதே சொல்லைச் சுமக்கின்றனவா என்று பாருங்கள். சுமந்தால் அதுவும் ஒரு மனு.

மறுநாள் வேலை

அமைச்சரிடம் கொடுத்த மனு வழக்கமாகக் கலெக்டர் அலுவலகம் போய், அங்கிருந்து துறைக்குப் பிரியும். அந்த வழியில்தான் பல மனுக்கள் காணாமல் போகின்றன. ஆகவே நகல் இல்லாமல் மனு கொடுக்காதீர்கள். அதே மனுவை அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முதல்வரின் 1100 உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். வன்கொடுமைப் புகார் என்றால் 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

அமைச்சர் எல்லோர் முன்னும் 'மூன்று மாதத்தில் செய்து தருகிறோம்' என்று சொன்னால், அந்தப் பேச்சைச் செல்பேசியில் பதிவு செய்து வையுங்கள். அடுத்த கிராம சபையில் அதையே தீர்மானமாகக் கொண்டுவந்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கிராம சபைக்குத் தலித் பெண்கள் கூட்டமாகப் போனால் அந்தத் தீர்மானத்தை எழுதாமல் விடுவது கடினம்.

ஊரில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். மனு கொடுத்த தேதி, வாங்கியவரின் பதவி, ஒப்புகை எண், சொன்ன பதில், அடுத்து போக வேண்டிய நாள் என ஐந்து பத்திகள் போதும். அடுத்த அமைச்சர் எப்போது வருவார் என்று தெரியாது. வரும்போது அந்த நோட்டை அவர் முன் விரித்து, முன்பு வந்தவர் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தேதியோடு கேளுங்கள்.