நேத்து ராத்திரியா, இன்னைக்குக் காலையிலயா?

இன்னைக்கு செப்டம்பர் 12. மணி காலை ஏழு. சென்னையில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். பின்னாடி காக்கா சத்தம் கேட்டால் பொறுத்துக்குங்க, அதை எடிட்டிங்கில் எடுக்க முடியலை.

தரை இன்னும் ஈரமா இருக்கு. ராத்திரி ரெண்டு மணி வாக்கில் நல்ல மழை. காலையில் பால் போடும் தம்பி, கீழ் வீட்டு ஆன்ட்டி, எங்க அம்மா, எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாங்க: "நேத்து ராத்திரி செம மழை." ஆனா கடிகாரத்தைக் கேட்டால், ரெண்டு மணி என்பது இன்னைக்கு. அப்போ அந்த மழை நேத்து பெய்ததா, இன்னைக்குப் பெய்ததா?

சின்னக் கேள்வி மாதிரி இருக்கும். இன்னைக்கு எபிசோட் முழுக்க இது ஒண்ணுதான்.

முதலில் மழை. சென்னைக்கான பெருமழை வடகிழக்குப் பருவமழை, அது அக்டோபருக்கு மேலேதான். ஆனா செப்டம்பர் வறண்ட மாசம் கிடையாது. பகல் முழுக்க அடிக்கிற வெயிலில் உள்மாவட்டங்களில் இடிமேகம் கட்டும், அது மேற்கிலிருந்து நகர்ந்து சாயங்காலமோ நடுராத்திரியோ நம்ம தலைக்கு மேல வந்து கொட்டும். அதனால்தான் இந்த மாசத்து மழையில் பாதி, நாம தூங்கும்போதே பெய்து முடிஞ்சிடுது.

இதை வானிலை ஆய்வு மையம் எந்தத் தேதியில் எழுதும் தெரியுமா? அவங்களுக்கு நாள் நள்ளிரவில் மாறாது. காலை 8:30-க்கு மாறும். உலகம் முழுக்க வானிலைக்காரர்கள் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரே சமயத்தில் கணக்கெடுக்கிறாங்க. கிரீன்விச் நேரப்படி அதிகாலை 3 மணிக் கணக்கு நமக்குக் காலை 8:30-இல் விழுது. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அப்போதுதான் முந்தைய 24 மணி நேரத்து மழையை அளந்து, அன்றைய தேதியைப் போட்டு எழுதுவாங்க. அதாவது, நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க நனைஞ்சிருந்தாலும், பதிவேட்டில் அது 12-ஆம் தேதி மழை. அதுவும் 2.5 மில்லிமீட்டர் தொட்டால்தான் அது "மழை நாள்". அதுக்குக் கீழே பெய்தால், நனைஞ்ச உங்களுக்குத்தான் மழை, கணக்கில் அது மழை நாள் இல்லை.

சரி, இப்போ இலக்கியத்துக்கு வருவோம். நேத்து, 11-ஆம் தேதி, உங்க போனில் பாரதியார் படம் போட்ட ஸ்டேட்டஸ் பத்தாவது வந்திருக்கும். நினைவு நாள். 2021-இல் நூற்றாண்டு நினைவின்போது தமிழக அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. ஆனா பாரதி இறந்தது 11-ஆம் தேதி இரவு கடந்து, சுமார் ஒன்றரை மணிக்கு. சென்னை மாநகராட்சிப் பதிவில் தேதி 12 என்றுதான் இருக்கு. அதனால் வருஷாவருஷம் ஒரு சின்னச் சண்டை நடக்கும். 11-க்கு மாலை போடுறவங்க ஒரு பக்கம், "தப்பு, 12-தான்" என்று திருத்துறவங்க இன்னொரு பக்கம்.

என்னைக் கேட்டால் ரெண்டு பேரும் தப்பில்லை. நம்ம மரபில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயத்தில் முடியுது. நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்துதான். அந்தக் கணக்குப்படி ராத்திரி ஒன்றரை மணி இன்னும் முந்தின நாள்தான். பால் போடும் தம்பி பேசின தமிழும் அதுதான். மாநகராட்சி குமாஸ்தாவிடம் இருந்தது இங்கிலீஷ் காலண்டர். அவர் அதன்படி எழுதினார்.

இதோடு இன்னொரு தப்பையும் தீர்த்துடுவோம். யானை அடிச்சு பாரதி செத்துப்போனார் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. அதில் அவர் பிழைச்சுட்டார். திரும்ப சுதேசமித்திரன் வேலைக்குப் போனார். 1921 ஜூலை 31-இல் ஈரோடு கருங்கல்பாளையத்தில் ஒரு வாசகசாலையில் பேசினார். பேசின விஷயம், மனிதனுக்கு மரணமில்லை. ஆறு வாரத்தில், வயிற்றுக்கடுப்பு நோயில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில் இறந்துட்டார். வயசு 38.

அந்தக் கடைசி இரவில் கூட இருந்தவர் பரலி சு. நெல்லையப்பர். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மாட்டேங்குது. மறுநாள் ஆபீஸ் போகணும், அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி எடுத்துட்டுப் போகணும் என்று பாரதி சொல்லிட்டிருந்தாராம். அமானுல்லா கான் ஆப்கானிஸ்தான் அமீர். 1919-இல் ஆங்கிலேயரோடு மோதி, தன் நாட்டு வெளியுறவை அவங்க பிடியிலிருந்து மீட்டவர். ஆக, திருவல்லிக்கேணியில் மருந்தைத் தள்ளிவிட்டுப் படுத்திருந்த ஒரு பத்திரிகைக்காரர் மனசில் ஓடினது காபூல் அரசியல். மரணமோ மோட்சமோ இல்லை.

தேதிக்கு இருக்கிற அரசியல் கனமும் லேசானதில்லை. அதே செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், 1957-இல் அவர் கொல்லப்பட்ட நாள். அங்கே அந்தத் தேதி என்றால் ஊர் முழுக்க போலீஸ். 1947-ஐ எடுத்துக்குங்க. சட்டம் இந்தியா, பாகிஸ்தான் ரெண்டுக்கும் ஆகஸ்ட் 15 என்றுதான் சொன்னது. அடுத்த வருஷத்திலிருந்து பாகிஸ்தான் 14-ஐக் கொண்டாடுது. ஒரே நள்ளிரவு, ரெண்டு தேதி.

இதெல்லாம் ஏன் எனக்கு இவ்வளவு முக்கியமா படுது என்றால், எங்க அப்பா இறந்ததும் நள்ளிரவு தாண்டித்தான். மூணு வருஷம் முன்னாடி, பிப்ரவரியில், 12:40-க்கு. சர்டிஃபிகேட்டில் 18 என்று இருக்கு. அம்மா 17 என்பாங்க. அக்கா அப்போ சிங்கப்பூரில் இருந்தாள், அவளுக்குப் போன் போனபோது அங்கே மணி மூணைத் தாண்டி, 18 நல்லாவே பிறந்திருந்தது. திதி கொடுக்க வர்ற ஐயர் ரெண்டு தேதியையும் கேட்கலை. அவருக்கு வேண்டியது அந்த நேரத்தில் நிலா எங்கே இருந்தது என்பதுதான். திதி நள்ளிரவிலும் மாறாது, உதயத்திலும் மாறாது, அது பாட்டுக்கு எந்நேரத்திலும் மாறும்.

நான் 17 கட்சி. காரணம் மரபெல்லாம் இல்லை. அன்னைக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நான் அப்பா பக்கத்தில்தான் இருந்தேன். "போய்த் தூங்கு"ன்னு அனுப்பினதே அவர்தான். 12:40-க்கு நான் வீட்டில் தூங்கிட்டிருந்தேன். இறந்தது 17 என்றால், அவர் போன நாளில் நான் அவரோடு இருந்திருக்கேன். 18 என்றால் இல்லை. அசட்டுத்தனமான கணக்கு என்று தெரியுது. ஆனாலும் ஆபீஸில் லீவு எழுதும்போது ஒவ்வொரு வருஷமும் 17 என்றே போடுறேன்.

மைண்ட்ஃபுல்னஸ் ஆப் ஒண்ணு வெச்சிருக்கேன். "இன்றைய நாளில் இரு" என்று காலையில் நோட்டிஃபிகேஷன் அனுப்பும். யாருடைய இன்றைய நாள் என்று திருப்பிக் கேட்க அதில் வழியில்லை. ஆனா கிளம்பும்போது அப்பா சொன்னது இதுதான்: "நாளைக்கு கரன்ட் பில் கடைசி நாள், கட்டிடு." அமானுல்லா கான் கதையை முதல்முறை படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது இதனால்தான். பில்லை 18-ஆம் தேதி காலையில், ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், போனிலேயே கட்டினேன். ரசீது இன்னும் அழிக்கலை.

மணி ஏழு இருபது. மேற்கே மறுபடி கறுத்துட்டு வருது. 8:30-க்குள்ள பெய்தால் அதுவும் ராத்திரி மழையோட ஒரே கணக்கில் சேர்ந்திடும். கொடியில் துணி இருக்கு, நான் எடுக்கப் போறேன். நாளைக்குப் பேசலாம்.