ஸ்குரூஜ் கண்ட ஊசோனும் பாலந்தையும்

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843-இல் வெளியிட்ட 'கிறிஸ்மஸ் கரோல்' என்னும் குறுநாவலிலே, கருமியான ஸ்குரூஜ் தன் இளமையை மீளக் காண்கிறான். விடுமுறையிலும் பள்ளியில் தனித்துவிடப்பட்ட சிறுவன். அவனுக்குத் துணை, படித்த கதைகளின் மாந்தரே. அவர்களுள் இருவர் வலன்டைன், ஓர்சன்.

வகுப்பில் இப்பெயர்களை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம், கடக்கலாகாது. பழைய பிரெஞ்சுக் கதையொன்றின் இரட்டையர் இவர்கள். ஒருவன் அரண்மனையில் வளர்ந்தான். மற்றவனைக் கரடி வளர்த்தது. இவ்விருவரையும் தமிழ் பேச வைத்தது நம் துறைமுகப் பட்டினமாம் திருகோணமலையே! இவ்வூர் எஸ். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' (1891) ஈழத்தின் முதல் நாவல்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. ஓர்சன் ஊசோனானான், வலன்டைன் பாலந்தையானான்.

டிக்கன்ஸ் அவர்களை வீணே அழைக்கவில்லை. அவர்களைக் கண்டு குதூகலித்த கருமி, அடுத்த கணமே அச்சிறுவனுக்காக அழுகிறான். முந்தின இரவு தன் வாயிலில் கீதம் பாடிய பிள்ளைக்கு ஏதேனும் கொடுத்திருக்கலாமே என்று வருந்துகிறான்.