தண்ணியில்லாக் காடு

"இன்னொரு தடவை இப்படி நடந்துச்சு, முதுகுளத்தூருக்குத் தூக்கி அடிச்சிருவேன்."

1989இல் மதுரையில் ஓர் அலுவலக வராந்தாவில், கல்லூரி உதவித்தொகைப் படிவத்தோடு நின்றபோது உள்ளேயிருந்து இந்தக் குரல் கேட்டது. திட்டு வாங்கிய எழுத்தர் வெளியே வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. என் படிவத்தை வாங்கியவர், சொந்த ஊர் என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் முத்திரை குத்திக் கொடுத்தார். நான் எழுதியிருந்த ஊர் முதுகுளத்தூர்.

அதன்பிறகு பத்துப் பதினைந்து வருடம், யார் ஊரைக் கேட்டாலும் "மதுரைப் பக்கம்" என்றேன். ஒருவருக்குத் தண்டனையாகக் கொடுக்கப்படும் இடத்தில்தான் நான் பிறந்து, நடை பழகி, நீச்சல் கற்றேன் என்பதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆமாம், நீச்சல். ஐப்பசி கழிந்தால் எங்கள் கண்மாயில் ஆள் முங்கும் தண்ணீர் கிடக்கும்.

'தண்ணியில்லாக் காடு' என்றால் முதுகுளத்தூர் இருக்கும் ராமநாதபுரம் என்பது அரசு ஊழியர்களிடையே விளக்கம் தேவைப்படாத சொல். தவறு செய்தவர்களையும், மேலே இருப்பவரைப் பகைத்துக்கொண்டவர்களையும் எங்களிடம் அனுப்பினார்கள். சினிமாக்காரர்கள் அதையே வசனமாக்கினார்கள். 1910இல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டம் பெரியது. சிவகாசி, ராஜபாளையம், விருதுநகர், காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் அதற்குள்தான் இருந்தன. 1985இல் மூன்றாகப் பிரித்தபோது ஆலையும் அச்சகமும் பட்டாசும் ஒரு பக்கம் போயின, செட்டிநாடு இன்னொரு பக்கம் போயிற்று. கடற்கரையும், மழையை நம்பிய வயலும், அந்தப் பட்டப்பெயரும் எங்களோடு தங்கின.

அந்தப் பெயர் எவ்வளவு தூரம் உண்மை? இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோயம்புத்தூர் நகரம் பெறும் மழையைவிட இது அதிகம். கோயம்புத்தூரை யாரும் தண்ணியில்லாக் காடு என்று சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டித் தீர்த்துவிடும். நிலமோ தட்டை. மலையோ பெரிய அணையோ கிடையாது. கடலோரத்தில் பூமிக்கடியில் இருப்பது உப்புத் தண்ணீர். ஆகவே இரண்டு மாதம் விழுவதைப் பிடித்து வைத்தால்தான் பத்து மாதம் பிழைக்க முடியும். இதைத் தெரிந்துகொண்டுதான் முன்னோர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை வெட்டினார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து அடுத்ததற்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையையே கண்மாய் கண்மாயாகப் பங்குவைத்து, மிச்சத்தை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் நிறுத்தினார்கள். கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஓர் ஆற்றை இப்படிக் கடைசிச் சொட்டுவரை செலவழித்த மக்களுக்குத்தான் இந்தப் பெயர் வைத்தார்கள்.

எங்கள் அப்பத்தா படித்தவர் இல்லை. ஆவணி கடைசியில், மண் பொடியாய்க் கிடக்கும்போதே புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார். மழை எப்போது வரும் என்று கேட்டால், "அது வாரப்ப வரும், நம்ம வெதை தயாரா இருக்கணும்ல" என்பார். ஒருநாள் நான் அந்த அலுவலகக் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றபடியே கேட்டார். "தண்ணியில்லாக் காடுன்னு சொன்னவுக மார்கழியில வந்து பாத்தாகளா, சித்திரையில வந்து பாத்தாகளா?"

சித்திரையில் வந்து பார்த்தவர்கள் கண்டது பொய்யில்லை. அதையும் சொல்ல வேண்டும். வறண்ட ஓடையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைக்க என் அம்மா விடியுமுன் போய் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள், பிள்ளை தண்ணீர் சுமந்தே தேய்ந்துபோகும் என்று. அந்தத் தாகத்தைப் பெருமையாகப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தத் தாகத்தில் பட்டப்பெயருக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். பத்தாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். கெட்டிக்காரர், வடமாவட்டத்துக்காரர். எதற்காகவோ தண்டனை மாற்றலில் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் மதுரை பஸ்ஸைப் பிடித்தால் திங்கள் மதியம்தான் திரும்புவார். வகுப்பில் அவர் கண் ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கும். அரைப்பரீட்சைக்கு முன்பே மாற்றல் வாங்கிப் போய்விட்டார், மூன்று மாதம் கணக்குக்கு ஆள் இல்லை. அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் வரவில்லை. சிறைக்கு அனுப்பப்பட்டதாக நினைப்பவர் அங்கே மரமா நடுவார்? டாக்டர், பொறியாளர், கிராம சேவகர் என்று பலரும் அப்படித்தான் வந்து போனார்கள். மாற்றலுக்குக் காத்திருப்பவர் கண்மாய்க்கரையில் ஏறி நடப்பதில்லை. எந்த மடை உடைந்திருக்கிறது, எந்த வரத்துக்கால் தூர்ந்திருக்கிறது என்பது அவர் கண்ணில் படாது. ஊரே கூடிச் செய்த குடிமராமத்தும் இதற்கு வெகுமுன்பே நின்றுபோயிருந்தது. தூர்ந்த இடத்திலெல்லாம் சீமைக்கருவேலம் ஏறியது. கண்மாய் மேடானது. பிறகு நிஜமாகவே தண்ணீர் நிற்கவில்லை. கண்மாய் வெட்டியவர்களின் பேரன் பேத்திகள் கரிமூட்டம் போடவும், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறவும் போனார்கள்.

இன்னொரு பெயரும் உண்டு. 1957 முதுகுளத்தூர் கலவரத்துக்குப் பிறகு 'கலவர பூமி' என்றார்கள். அந்தக் காயம் உண்மை, அதன் வலி இன்னும் வீடுகளில் இருக்கிறது. எங்கள் பேச்சுவழக்கு திரையில் ஒலித்தால் பேசுகிறவன் கையில் அரிவாள் இருக்கும் என்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வந்தாக, போனாக என்று பெரியவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் மரியாதையைச் சேர்த்துப் பேசும் மொழி அது.

அன்று அப்படி. இன்று?

காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, திருச்சிப் பக்கமிருந்து மாவட்டங்களைத் தாண்டி. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. வெயிலைச் சொல்லித்தான் எங்களை மிரட்டினார்கள், இப்போது அந்த வெயிலுக்காகவே நிலம் வாங்கினார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2022இல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2018இல் மத்திய அரசு எங்களை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன் வழங்கிய பெயர் 'பின்தங்கிய மாவட்டம்'. புதுப் பெயர் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் வைத்தவர்கள் எங்களைக் கேட்டு வைக்கவில்லை.

என்னை உலுக்கியது வேறொரு செய்தி. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. 2025இல் அதே மாவட்டத்தின் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தன. உலக அளவில் காக்கப்பட வேண்டிய ஈரநிலங்களின் பட்டியல் அது. தண்ணியில்லாக் காட்டில் நான்கு கண்மாய்கள் ஈரநிலங்களாம்! செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சித்திரங்குடியையும் காஞ்சிரங்குளத்தையும் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஆண்டு 1989. நான் அந்த வராந்தாவில் தலைகுனிந்து நின்ற அதே ஆண்டு. அன்றும் அங்கே கருவேல மரங்களில் சங்குவளை நாரைகள் கூடு கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்த அதிகாரியைப் போலவே எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருந்ததை நானே போய்ப் பார்த்ததில்லை. பட்டப்பெயர் எங்கள் கண்ணையும் கட்டியிருந்தது.

மிரட்டல் மட்டும் அதிகம் மாறவில்லை. கலந்தாய்வில் எங்கள் பக்கத்துப் பள்ளிகள் கடைசிவரை காலியாகக் கிடப்பதைப் பற்றி, ஆசிரியரான என் தங்கை மகள் சொல்வாள். அவள் வேண்டுமென்றே கடலாடிப் பக்கம் ஒரு பள்ளியைக் கேட்டு வாங்கினாள். "ஏம்மா, வேற எடமே கெடைக்கலியா?" என்று பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் பரிதாபப்பட்டாராம். "எங்க ஊருங்க அது" என்றாளாம். நான் முப்பத்தைந்து வருடம் முன்பு சொல்லியிருக்க வேண்டியதை அவள் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்.

போன தை மாதம் அவளோடு காஞ்சிரங்குளம் போனேன். கரையில் ஏறி நின்றால் தண்ணீர்ப் பரப்பு வெயிலில் மினுங்கியது. நாரைக் குஞ்சுகளின் இரைச்சலில் பேச்சுக் கேட்கவில்லை. வீச்சம் மூக்கைத் துளைத்தது. எச்சம் கலந்த அந்தத் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று கரையில் ஆடு மேய்த்த பெரியவர் சொன்னார். எங்களைப் பார்த்து, "எந்தூருலேர்ந்து வாரீக?" என்று கேட்டார்.

"முதுகுளத்தூருங்கய்யா" என்றேன்.

"அப்ப நம்ம ஆளுகதான்" என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு நடந்தார்.

திரும்பும் வழியில் ஒரு தெருக்குழாயடியில் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஆறேழு பிளாஸ்டிக் குடங்கள். காவிரித் தண்ணீர் மூன்று நாளாக வரவில்லையாம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இரண்டு பெண்கள் குடத்தோடு ஊருணிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மழை நன்றாகப் பெய்த வருடம். ஊருணியில் மூன்றாம் படிவரை தண்ணீர் கிடந்தது.