வலி நின்றது… பல் நின்றதா?

வானொலியில் பல் நலம் பற்றிப் பேசும் நாள்களில், கிள்ளானிலிருந்தோ பிரிக்பீல்ட்சிலிருந்தோ எனக்கு ஓர் அழைப்பு நிச்சயம் வரும். “ரூட் கெனால் செய்து ஆறு மாதமாச்சு, வலியே இல்லை. நேற்று முறுக்கு கடித்தேன், பல் பாதி உடைஞ்சிடுச்சு. பிடுங்கித்தான் ஆகணுமா?”

எல்லாருக்கும் அப்படி இல்லை. பல மருத்துவர்களிடம் கேட்டு நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ரூட் கெனால் சிகிச்சையில் பழுதான நரம்பை அகற்றி, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து, கட்டா பெர்ச்சாவால் அடைக்கிறார்கள். மலாய் மொழியின் ‘கெத்தா பெர்ச்சா’தான் அது, நம் மண்ணின் தாபான் மரத்துப் பால்! வலி போய்விடும். ஆனால் சொத்தை அரித்த பல், உள்ளே கூடாகத்தான் நிற்கும்.

மேல்பகுதி பெரிதும் உடைந்துவிட்டால் ஃபைபர் போஸ்ட் கைகொடுக்கும். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த மெல்லிய குச்சி அது. வேர் நுனியில் நான்கைந்து மில்லிமீட்டர் அடைப்பை விட்டுவிட்டு, மேலே உள்ளதை எடுத்து, அந்த இடத்தில் குச்சியை ஒட்டுவார்கள். அதைப் பிடிமானமாக்கி உடைந்த பகுதியைக் கட்டியெழுப்பி, மேலே கிரவுன் போடுவார்கள்.

வேருக்குள் கம்பி வைப்பது புதிதல்ல. 1728இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் எழுதிய நூலிலேயே இது உண்டு. ஆனால் உலோகம் விறைப்பானது. கடிக்கும் விசை வேரில் இறங்கி, வேரே பிளந்துவிடலாம். பிளந்த வேரைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. ஃபைபரோ பல்லைப் போலவே சற்று வளைந்துகொடுக்கும். பழுதானாலும் பெரும்பாலும் ஒட்டு விடும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: போஸ்ட் பல்லுக்கு வலு சேர்ப்பதில்லை, கட்டிய பகுதியைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். உலக்கை பிளக்காமல் காப்பது அதன் பூண். அதுபோல, ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் நல்ல பல் இருந்தால்தான் கிரவுன் பூணாக இறுகப் பிடிக்கும். அது இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த போஸ்ட்டும் நீண்ட நாள் நிற்காது. கடைவாய்ப் பல்லுக்குப் பல சமயம் போஸ்ட்டே தேவைப்படாது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? வலி நின்றதும், “கிரவுனுக்கு இன்னும் பல நூறு வெள்ளியா? தீபாவளி போனஸ் வரட்டும்” என்று தள்ளிப்போடுகிறோம். அந்த இடைவெளியில்தான் மிச்சமிருக்கும் சுவரும் உடைகிறது. தற்காலிக அடைப்பு கசிந்து கிருமி மறுபடி உள்ளே போகிறது.

ஆகவே ரூட் கெனால் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஈறுக்கு மேல் எவ்வளவு நல்ல பல் மிஞ்சும்? போஸ்ட் தேவையா, ஏன்? கிரவுன் வரை மொத்தச் செலவு எவ்வளவு, எப்போது முடியும்? தொகை கையில் இல்லையென்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதுவரை பல்லை உறுதியாக மூடிவைக்க வழி கேளுங்கள். சிகிச்சை அளிப்பவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவர்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.