சாவியைத் திருப்பினால் ‘டக்’ மட்டும்தானா?

கட்டுநாயக்க விமான நிலைய வாகனத் தரிப்பிடம். அதிகாலை இரண்டு மணி. உம்ராவிலிருந்து திரும்பிய குடும்பமொன்றை ஏற்றி, பொதிகளையும் அடுக்கிவிட்டு சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கிறது. மறுபடி திருப்பினாலும் அதே ‘டக்’. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு, ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் இயங்குகிறது. அக்குறணையில் டொல்பின் வேன் வைத்து ஹயர் ஓடும் என் மச்சானுக்கு நேர்ந்தது இது. “தம்பி, அடுத்த முற நாங்க வேற வேன் பாத்துக்கிறோம்” என்று வீட்டு வாசலில் இறங்கும்போதே அந்தப் பெரியவர் சொல்லிவிட்டாராம்.

மச்சான் முதலில் மாற்றியது பற்றரியை. இரண்டு வாரம் பிரச்சினையில்லை. பிறகு அதே ‘டக்’. ஸ்டார்ட்டர் முடிந்துவிட்டது, முழுசாக மாற்று என்று ஒருவர் சொல்ல, காசைப் புரட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றில் பன்னிரண்டு வருடங்கள் நின்றவன் நான். ஸ்டார்ட்டர் கேட்டு வந்தவர்களிடம் ‘ஏன் மாற்றுகிறீர்கள்’ என்று நாங்கள் கேட்டதில்லை. தேவையில்லாமல் வாங்கிப்போனவர்கள் அவர்களில் எத்தனை பேரோ!

வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது வரியோடு சேர்ந்து விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதனால் முப்பது வருடம் பழைய வேன்களையும் வைத்தே பிழைப்பு நடத்த வேண்டியிருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுபவரானாலும் மீன் ஏற்றுபவரானாலும், காலையில் வேன் எழும்பாவிட்டால் அன்றைய வருமானம் போய்விடும். எனவே எதை மாற்றுவது என்று முடிவெடுக்க முன்னர் பழுது எங்கே என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் செலவழிப்பது நல்லது.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ஸ்டார்ட்டர் எஞ்சினை வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லையென்றால் குற்றம் ஸ்டார்ட்டரில் இல்லை. டீசல் லைனில் காற்று, ஹீட்டர் பிளக் என்று அது வேறு கதை. சுற்றவே இல்லையென்றால் இரவில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பற்றரி பலவீனம், அல்லது டேர்மினல் தளர்ந்து பூத்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் உள்ளே இறுகியிருக்கிறது. வெளிச்சம் அப்படியே இருந்து ‘டக்’ மட்டும் கேட்டால் சந்தேகம் சொலனொயிட்டின் மேல் போக வேண்டும். ‘டக்’கும் இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே, ஸ்டார்ட்டருக்கு வரும் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓட்டோ கியர் வண்டியென்றால் நியூட்ரல் சுவிட்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரண மீற்றர் இருந்தால் இன்னும் தெளிவு. முழுதாகச் சார்ஜ் உள்ள பற்றரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்ஸ் அளவில் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10க்குக் கிட்ட நின்றால் நல்லது, 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியைச் சோதிக்கலாம். அடுத்து மீற்றரின் ஒரு முனையை பற்றரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் உலோகத்திலும் வைத்து இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள்தான் குற்றவாளி. எங்கள் கரையோர ஊர்களில் உப்புக்காற்று இந்தக் கேபிளை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். வெளியே றப்பர் உறை புதிது போலவே இருக்கும்.

மச்சானின் வேனில் இவையெல்லாம் சரியாக இருந்தன. வயதான எலக்ரிக் பாஸ் ஒருவர் ஸ்டார்ட்டரைக் கழற்றி, சொலனொயிட்டின் பின்மூடியில் இருந்த மூன்று ஸ்குருவைத் திறந்து காட்டினார். டொயோட்டா வேன்களில் வரும் இவ்வகை ஸ்டார்ட்டருக்குள் இரண்டு செப்புத் துண்டுகள் இருக்கின்றன. சாவியைத் திருப்பும்போது பிளஞ்சரின் தலையிலுள்ள செப்புத்தட்டு வந்து இரண்டையும் ஒருசேரத் தொட்டால்தான் மோட்டருக்கு மின்சாரம் போகும். டீசல் எஞ்சினைச் சுற்ற நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்வதால், ஒவ்வொரு தொடுகையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பு எரிந்து தேய்கிறது. மச்சானுடையதில் ஒரு துண்டு பாதியாகிவிட்டிருந்தது. தட்டு சற்றுத் திரும்பி நல்ல இடம் பட்டால் ஸ்டார்ட், படாவிட்டால் ‘டக்’. ஏழாவது தடவையில் இயங்கிய மர்மம் இவ்வளவுதான். துண்டுகள் இரண்டையும் மாற்றி, தட்டையும் பார்த்துப் பூட்டினார். செலவு, புதிய ஸ்டார்ட்டர் ஒன்றின் விலையில் மிகச் சிறிய பங்கு.

சுத்தியல் பிடியால் ஸ்டார்ட்டரைத் தட்டினால் இயங்குகிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அநேகமாக கார்பன் பிரஷ் தேய்ந்ததன் அறிகுறி அது. வழியில் நின்றால் ஒரு தடவை தட்டி வீடு வந்து சேரலாம், அதையே வழக்கமாக்க முடியாது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சில வேன்கள் ‘கர்ர்’ என்று அரைத்துவிட்டு நிற்கும்; கியரில் போட்டுச் சற்றே தள்ளிவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் குறிப்பிட்ட இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். எனவே பிளைவீல் பல்வளையத்தில் அந்த இரண்டு இடங்களின் பற்களே தேய்கின்றன. இதற்குப் புதிய ஸ்டார்ட்டர் போட்டால் அதன் பல்லும் சேர்ந்து கெடும். கியர்பொக்ஸை இறக்கி வளையத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்டார்ட்டரையே மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். 12 வோல்ட்ஸா 24 வோல்ட்ஸா, கிலோவாட் எவ்வளவு, பினியனில் எத்தனை பல், பூட்டும் துளைகள் எங்கே என்று நேருக்கு நேர் ஒப்பிடுங்கள். கடைக்காரர் மேசையில் பற்றரி கொடுத்துச் சுற்றிக் காட்டுவார். பாரமில்லாமல் சுற்றுவது பெரிய சாட்சியல்ல. வண்டியில் பூட்டிப் பார்த்து, சரிவராவிட்டால் திருப்பி எடுப்பதாக பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்ற முன்னர் பற்றரியின் நெகட்டிவ் கேபிளை எடுத்துவிடுவது முக்கியம். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளுக்குப் பெரும்பாலும் பியூஸ் கிடையாது. ஸ்பேனர் தவறி உலோகத்தில் பட்டால் கையும் எரியும், வயரும் எரியும்.

மச்சானின் வேன் இப்போது ஒரே திருப்பில் இயங்குகிறது. அந்தப் பெரியவரின் குடும்பம் மட்டும் இன்னும் வேறு வேனில்தான் விமான நிலையம் போய்வருகிறது.