எஞ்சிய நிலமும் வேண்டிய நிலமும்

உலகின் பல நாடுகளில் இயற்கைக் காப்பகங்கள் எங்கெங்கே அமைந்திருக்கின்றன என்று கூர்ந்து நோக்கினால், உயிர்வளம் மிகுந்த இடங்களைவிட, உழவுக்கும் குடியேற்றத்துக்கும் உதவாத இடங்களே அதிகம் காக்கப்பட்டிருப்பது தெரியவரும். செங்குத்தான மலைகளும் பாறைச் சரிவுகளும் எளிதாகக் காப்பகங்களாயின. வளமான மண் கொண்ட தாழ்நிலங்களோ, அவற்றில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுப்பதற்கு முன்பே ஏருக்கும் வீட்டு மனைக்கும் போயின. எஞ்சியதை ஒதுக்கிவைக்கும் இந்த வழக்கத்தை மாற்றி, எந்த நிலம் தேவை, அதில் எதை முதலில் காப்பது என்பதைக் கணக்கிட்டுத் தீர்மானிக்கும் துறையே முறைசார் பாதுகாப்புத் திட்டமிடல். கிறிஸ் மார்கூல்ஸ், பாப் பிரெசி ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரை இத்துறையின் அடிப்படைகளைத் தொகுத்துரைத்தது. அவ்வடிப்படைகள் மிக விரிவாகச் செயல்படுத்தப்பட்ட இடங்களுள் ஒன்று தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி.

சுமார் 90,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பகுதியில் ஏறத்தாழ 9,000 வகைத் தாவரங்கள் வளர்கின்றன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயல்பாகக் காணப்படாதவை. மலைகளில் பரவிய ஃபைன்போஸ் எனும் புதர்வெளியின் பெரும்பகுதி காப்பகங்களுக்குள் வந்துவிட்டது. தாழ்நிலங்களில், களிப்பாறை சிதைந்து உருவான சத்துமிக்க மண்ணில் வளரும் ரெனோஸ்டர்வெல்ட் எனும் மற்றொரு புதர்வெளியோ கோதுமை வயல்களுக்கு இடம் கொடுத்து, பெரும்பாலான இடங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோனது. கலப்பை ஏற முடியாத சரிவுகளிலும் கல் நிறைந்த மேடுகளிலும் வயல்களுக்கிடையே துண்டு துண்டாக அது இன்று மிஞ்சியிருக்கிறது. கோடையில் பார்ப்பவருக்கு அது சாம்பல் நிறப் புதர் மண்டிய தரிசாகவே தோன்றும். குளிர்கால மழை பெய்து ஓய்ந்ததும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிய எண்ணற்ற கிழங்குத் தாவரங்கள் ஒருசேரப் பூத்து நிற்கும். அவற்றுள் சில, விரல் விட்டு எண்ணத்தக்க சில குன்றுகளைத் தவிர வேறெங்கும் இல்லாதவை.

இத்தகைய நிலப்பரப்பில் எந்தத் துண்டை முதலில் காப்பது என்ற கேள்விக்கு விடை காண்பதற்காக வரைபடங்கள் அடுக்கடுக்காகத் தயாரிக்கப்பட்டன. வேளாண்மை பரவுவதற்கு முன் ஒவ்வொரு தாவரச் சூழலும் எவ்வளவு பரப்பில் இருந்தது, செயற்கைக்கோள் படங்களின்படி இன்று எவ்வளவு மிஞ்சியுள்ளது, அரிய இனங்கள் எங்கே பதிவாகியுள்ளன, ஆறுகளும் விலங்குகளின் வழித்தடங்களும் எவ்வாறு செல்கின்றன என்ற விவரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆராயப்பட்டன. தாவரச் சூழல் ஒவ்வொன்றிலும் குறைந்தது எவ்வளவு காக்கப்பட வேண்டும் என்பதற்கு இலக்கும் வகுக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டில் அவ்விலக்கு, இன வளத்துக்கேற்ப, தொடக்கப் பரப்பில் 16 முதல் 36 சதவீதம் வரை அமைந்தது.

இக்கணக்கீட்டைத் தாங்கி நிற்பவை இரண்டு கருத்துகள். முதலாவது நிரப்புத்தன்மை: ஒரு குன்றில் பத்து அரிய இனங்களும், இரண்டாவது குன்றில் அவற்றுள் எட்டும், மூன்றாவதில் வேறெங்கும் இல்லாத மூன்றும் இருந்தால், முதல் குன்றுக்குத் துணையாகத் தெரிவு செய்ய வேண்டியது மூன்றாவதே; எண்ணிக்கையில் பெரிதான இரண்டாவது புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. இரண்டாவது கருத்து ஈடின்மை: ஓரிடம் போய்விட்டால் இலக்கை வேறோர் இடத்தால் நிறைவேற்ற முடியுமா, முடியாதா என்பதன் அளவுகோல் அது. ரெனோஸ்டர்வெல்ட் வகைகள் பலவற்றில் மிஞ்சியிருக்கும் பரப்பே இலக்கைவிடக் குறைவு என்பதால், அங்கே ஒவ்வொரு துண்டும் ஈடற்றதாகிவிடுகிறது. ஈடின்மையும் அழிவின் அச்சுறுத்தலும் சேர்ந்து மிகுந்திருக்கும் இடமே முதல் முன்னுரிமை பெறுகிறது. இவ்வாறு தேறிய இடங்கள் உய்நிலைப் பல்லுயிர்ப் பகுதிகள் எனக் குறிக்கப்பட்டு, நிலப் பயன்பாட்டு அனுமதி வழங்கும் உள்ளாட்சி அமைப்புகளின் கைக்கு வரைபடங்களாகச் சென்று சேர்ந்தன.

ஆயினும் வரைபடத்தில் நிறம் தீட்டிய நிலத்துக்கு உரிமையாளர் இருக்கிறார். தாழ்நிலத் துண்டுகள் பெரும்பாலும் தனியார் பண்ணைகளுக்குள் இருப்பதால், அவற்றையெல்லாம் அரசே விலைக்கு வாங்குவது நடவாத காரியம். இந்நிலையில் உருவானதே பல்லுயிர்ப் பொறுப்பேற்புத் திட்டம். உரிமையாளரின் இசைவோடு தனியார் நிலத்தையும் காப்பகமாக அறிவிக்க 2003ஆம் ஆண்டின் காப்புப் பகுதிகள் சட்டம் இடமளிக்கிறது. அவ்வளவு தூரம் வரத் தயங்குவோருக்குக் குறுகிய கால ஒப்பந்தங்களும் தன்விருப்பப் பதிவும் உண்டு. குறைந்தது 99 ஆண்டுகளுக்குக் காப்பகமாக அறிவித்து, அதை நிலப் பத்திரத்திலும் பதிவு செய்யும் உரிமையாளர், அந்நிலத்தின் மதிப்பை ஆண்டுக்கு 4 சதவீதம் வீதம் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள 2015 முதல் வழி செய்யப்பட்டது. பூக்கும் பருவத்தில் ஆடுகளை விலக்கி வைப்பது, உரிய இடைவெளியில் நெருப்பிட்டுப் புதர்களைப் புதுப்பிப்பது, வயலில் தெளிக்கும் களைக்கொல்லி எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்வது போன்ற பணிகள், அன்றாடம் அந்நிலத்தில் நடமாடும் விவசாயியின் கையில்தான் இருக்கின்றன.

இந்தக் கூட்டுறவால் வரைபடமும் திருத்தம் பெறுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் உழுது கைவிடப்பட்ட நிலத்தையும் ஒருமுறைகூட உழப்படாத நிலத்தையும் செயற்கைக்கோள் படத்தில் பிரித்தறிவது கடினம். தாவரவியலாளருக்கோ இரண்டுக்கும் மலையளவு வேறுபாடு, ஏனெனில் ஒருமுறை உழப்பட்ட ரெனோஸ்டர்வெல்ட் அதன் கிழங்குத் தாவரங்களை எளிதில் மீட்டுக்கொள்வதில்லை. எந்த மேட்டில் கலப்பை ஓடியது, எதில் ஓடவில்லை என்பது தலைமுறைகளாக அங்கே பயிரிட்ட குடும்பத்துக்குத் தெரியும். ஆகவே வரைபடத்தை முடிவாகக் கொண்டு உரிமையாளரிடம் ஆணையிடுவது அறிவியல் நோக்கிலும் தவறு. அதை உரையாடலின் தொடக்கமாகக் கொள்வதே முறை.

2030ஆம் ஆண்டுக்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பதென்று 2022இல் மாண்ட்ரியாலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டுள்ள நிலையில், கேப் பகுதியின் அனுபவம் அனைவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடமாகிறது. பரப்பைக் காட்டி இலக்கை எட்டுவது எளிது. யாரும் கேட்காத மலைகளையும் பாலைகளையும் மேலும் சேர்த்தாலே எண் நிறைந்துவிடும். இருநூறு ஹெக்டேர் கோதுமை மண்ணில் மிஞ்சிய ஒரு சிறு துண்டு, அந்த எண்ணில் கண்ணுக்கே தெரியாது; ஆனால் அதனோடு ஓர் இனமே உலகிலிருந்து மறைந்துவிடக்கூடும். எனவே எவ்வளவு என்ற கேள்விக்கு முன்னதாக எது என்ற கேள்வியையும், அதற்கு விடை கிடைத்ததும் யாரோடு சேர்ந்து என்ற கேள்வியையும் கேட்டுத் தெளிந்த பின் ஒதுக்கப்படும் நிலமே பாதுகாப்பு என்ற பெயருக்கு உரியது.