கல்லுக்கு அடியில் ஓர் உயிர்த்தெழுதல்
புதைபடிவமாக மட்டுமே தெரிந்திருந்த சிப்பி கலிபோர்னியக் கரையில் உயிரோடு இருக்கிறது

பத்து மில்லிமீட்டர் நீளம்தான். ஒளி ஊடுருவும் ஓடு. அந்த ஓட்டைவிட நீளமாக, வெள்ளைக் கோடு போட்ட கால். 2018 நவம்பரில், கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே நேப்பிள்ஸ் பாயின்ட் கடற்கரையில் கற்களைப் புரட்டி ஓடில்லாத கடல் நத்தைகளைத் தேடிக்கொண்டிருந்தார் உயிரியலாளர் ஜெஃப் காடர்ட். அப்போது அவர் கண்ணில் பட்டவை இப்படி இரண்டு சிப்பிகள்.

படம் எடுத்துக்கொண்டு சிப்பிகளை அங்கேயே விட்டுவிட்டார். படங்கள் சாண்டா பார்பரா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சிப்பி நிபுணர் பால் வாலன்டிச் ஸ்காட்டுக்குப் போயின. அந்தக் கரையோரச் சிப்பிகள் அவருக்கு அத்துப்படி. ஆனால் இது எந்த இனம் என்று அவருக்கே புரியவில்லை. நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

காடர்ட் மீண்டும் மீண்டும் கரைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். 2019 மார்ச்சில், தேடலைக் கைவிடும் நிலைக்கு வந்தபோது இன்னும் ஒரு கல்லைப் புரட்டினார். ஒன்றே ஒன்று இருந்தது.

புதிய இனம் என்று அறிவிக்கும் முன் பழைய ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். அங்கேதான் திருப்பம். 1937-ல் ஜார்ஜ் வில்லட் வெளியிட்ட கட்டுரையில் அதே சிப்பியின் படம் இருந்தது. ஆனால் அது புதைபடிவம். லாஸ் ஏஞ்சலஸின் பால்ட்வின் ஹில்ஸ் பகுதியில் சுமார் பத்து லட்சம் புதைபடிவங்களை ஆராய்ந்ததாகக் கணக்கிட்ட வில்லட்டுக்கே அது கிடைக்கவில்லை. எட்னா குக் என்ற சேகரிப்பாளருக்குக் கிடைத்த இரண்டு ஓடுகளை வைத்துத்தான் அந்த இனத்தை விவரித்து, அவர் பெயரையே சூட்டியிருந்தார். இன்றைய பெயர் சிமேஷியோவா குக்கி. அந்த மண்ணடுக்கின் வயது 28,000 முதல் 36,000 ஆண்டுகள்.

லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்த பழைய ஓட்டுடன் புதியதை ஒப்பிட்டதும் சந்தேகம் தீர்ந்தது. 2022-ல் ‘ஜூகீஸ்’ ஆய்விதழில் செய்தி வெளியானது.

இத்தனை காலமும் எங்கே இருந்தது? தெற்கே, மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பக்கம் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். 2014 முதல் 2016 வரை பசிபிக்கில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடானபோது, இதன் இளம் உயிர்கள் நீரோட்டத்தில் வடக்கே வந்து தங்கியிருக்கலாம். அந்தத் தென்கரையில் யாரும் இந்தச் சிறு உயிரைத் தேடிக் கற்களைப் புரட்டியதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எட்னா குக் அந்த இரண்டு ஓடுகளையும் அற்பம் என்று ஒதுக்கியிருந்தால், காடர்டின் சிப்பிக்குப் புதிதாக ஒரு பெயர் கிடைத்திருக்கும். அதன் பழங்கதை மண்ணுக்குள்ளேயே போயிருக்கும்.